எத்தனை அடி?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. "மே கடைசியில் மூன்று நாள் லீவு. ஊட்டியும் ஏற்காடும் கூட்டத்தில் பிதுங்கும். ஒரு மாறுதலுக்கு மேட்டூர் ஏரிக்கு வரலாம் என்றிருக்கிறோம். பார்க்க என்ன இருக்கிறது? போட்டிங் உண்டா? பிள்ளைகள் நீந்தலாமா? ஒகேனக்கலையும் அப்படியே பார்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். ஐந்தாறு வரிக்குள் இத்தனை தப்பைத் திணிக்க உன்னால்தான் முடியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன்னைப் போலக் கேட்டவர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன். உனக்கு எழுதியதை இன்னும் பத்துப் பேர் படித்தால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

முதலில் அந்த "ஏரி"யை விடு. இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. நீர்த்தேக்கம் என்பது பாடப்புத்தகத்துக்கு. ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்பது அரசாங்கத் தாளுக்கு. 1934இல் சென்னை மாகாண கவர்னராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அது. ஊர்க்காரர்களுக்கு "டேம்" மட்டும்தான். ரயில் நிலையத்துக்கே மேட்டூர் டேம் என்றுதான் பெயர். வார்த்தைக்காகச் சண்டை போடுகிறாள் அக்கா என்று சிரிக்காதே, இதில் விஷயம் இருக்கிறது. ஏரி என்பது ஊருக்கென்று வெட்டியது. அதில் நிற்கும் தண்ணீர் அந்த ஊருடையது. டேமில் நிற்பது வழிப்போக்குத் தண்ணீர். குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கர்நாடகத்தைத் தாண்டி வந்து, தஞ்சாவூருக்குப் போகிற வழியில் இங்கே சத்திரத்தில் தங்குவதுபோல் தங்கியிருக்கிறது. சத்திரத்துக்குப் போகிறவன் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தானே போவான்? நீ விசாரிக்கவில்லை. அதுதான் உன் முதல் தப்பு.

நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை அடி?"

மேட்டூரில் டீக்கடையில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கும் முன்னால் "டேம்ல எத்தனை அடி?" என்றுதான் பேச்சு தொடங்கும். காலை எட்டு மணி நிலவரம் என்று தினமும் ஒரு கணக்கு வரும். நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி. முழு நீர்மட்டம் 120 அடி. அப்போது உள்ளே இருப்பது 93.47 டிஎம்சி. டிஎம்சி என்றதும் தொலைக்காட்சியில் அரசியல்வாதிகள் கத்துவதுதானே உனக்கு நினைவு வரும்? ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி. இப்படி 93 போட்டால் நிரம்புகிற பாத்திரம் இது. நிரம்பிவிட்டால் ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்பில் தண்ணீர் நிற்கும். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை மலையடிவாரம் வரைக்கும் வெள்ளித் தகடு.

"சரி, மே கடைசியில் ஒரு அறுபது அடி இருந்தாலும் போதுமே, பாதி டேம் தண்ணீர் இருக்குமே" என்று நீ கணக்குப் போடுவாய். உன் பொறியியல் பட்டத்தை ஓரமாக வை. இது டிரம் இல்லை, வாணலி. அடியில் குறுகி, மேலே போகப் போக அகலும் பள்ளத்தாக்கு. அறுபது அடி என்றால் பாதித் தண்ணீர் கிடையாது, கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, 25 டிஎம்சி அளவுக்குத்தான். மேலே போகப் போகத்தான் ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் அதிகம். அதனால்தான் 90 அடியிலிருந்து 100 அடிக்கு ஏறினால் ஊரே சிரிக்கிறது. 40 அடியிலிருந்து 50 அடிக்கு ஏறினால் "ம்" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுகிறார்கள்.

இந்த எண் எனக்குப் புதிது இல்லை. நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம் என்று உனக்குத் தெரியுமே. அங்கே எங்கள் வீட்டில் பேப்பர் வந்தால் அப்பா முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டார். உள்ளே ஒரு மூலையில் பொடி எழுத்தில் மேட்டூர் நீர்மட்டம் போட்டிருக்கும். அதைத்தான் முதலில் தேடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிப்பார். அந்த எண்ணை வைத்துத்தான் எங்கள் வீட்டில் பல விஷயம் நடக்கும். குறுவை போடலாமா வேண்டாமா, அம்மாவின் வளையல் பெட்டிக்குள் இருக்குமா அடகுக்கடைக்குப் போகுமா, எனக்குத் தீபாவளிக்குப் பட்டுப்பாவாடையா சீட்டிப்பாவாடையா எல்லாம் அதிலேதான். வேலை கிடைத்து இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மாவாக வந்தபோதுதான் அந்தப் பொடி எழுத்துக்குக் கரையும் மதகும் மீனும் உண்டு என்று கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 12 என்பது மேட்டூருக்கும் காவிரி டெல்டாவுக்கும் பொதுவான திருநாள். அன்றைக்குத்தான் டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். ஜனவரி 28 வரை, 230 நாள் கணக்கு. வழக்கம் என்றேனே தவிர, வருஷா வருஷம் நடக்கும் என்று சொல்லவில்லை. 2022இல் தண்ணீர் தாராளமாக இருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. 2024இல் ஜூன் 12 சும்மா வந்து சும்மா போயிற்று. தண்ணீர் இல்லை. ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆனால் வேடிக்கையைக் கேள். அடுத்த இரண்டாம் நாள், ஜூலை 30ஆம் தேதி, டேம் 120 அடி நிரம்பியே விட்டது. கட்டியதிலிருந்து 43ஆவது முறை. தொண்ணூறு வருஷத்தில் 43 முறை என்றால் என்ன அர்த்தம்? நிரம்பிய டேம் என்பது வருஷம் தவறாமல் நடக்கிற பங்குனி உத்திரம் மாதிரி இல்லை. வந்தால் உண்டு.

ஆகவே மே கடைசி என்பது பெரும்பாலும் டேம் வயிறு ஒட்டிக் கிடக்கும் காலம். ஜனவரிக் கடைசியில் பாசனத் திறப்பை நிறுத்தியபின் குடிநீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருப்பார்கள். வரத்து ஒன்றும் பெரிதாக இருக்காது. வெயிலோ மண்டையைப் பிளக்கும். "இங்கே கோடை மழை பெய்தது என்று படித்தேனே" என்று நீ எழுதுவாய். எங்கள் ஊரில் பெய்தால் எங்கள் ஊர்ச் சாக்கடைதான் நிரம்பும். டேம் நிரம்ப வேண்டுமானால் குடகில் பெய்ய வேண்டும், வயநாட்டில் பெய்ய வேண்டும். அப்புறம் கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணையும் கபினி அணையும் நிரம்பி, மிச்சம் எல்லையில் பிலிகுண்டுலு தாண்டி வர வேண்டும். நீ வானிலை பார்ப்பதானால் குடகில் மடிக்கேரி வானிலையைப் பார்.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், நீ மட்டும்தான் அசடு என்று நினைத்துக்கொள்ளாதே. வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், என் தங்கையின் மாமியாரை ஏப்ரல் மாதத்தில் டேம் பார்க்கக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் "கடல் மாதிரி இருக்கும், அத்தை" என்று அளந்துகொண்டே வந்தேன். வந்து நின்றால், கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்த வண்டல், பாறை, நடுவில் ஒரு நீல நூல். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி காட்டுறேன்னு கூட்டியாந்து எனக்கே தண்ணி காட்டிட்டியேடி" என்றார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது இதைச் சொல்லிச் சிரிக்காமல் எனக்குப் பாயசம் போடுவதில்லை.

ஆனால் அந்தப் பயணம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான், "இம்புட்டு தூரம் வந்துட்டீங்க, பண்ணவாடி போய் நந்தியப் பாத்துட்டுப் போங்க" என்றார். கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போனோம். டேம் கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் அது ஒன்று. கோயில், தேவாலயம், வீடு, களம், கிணறு என்று அத்தனையும் உள்ளே போய்விட்டது. ஜனங்கள் மேட்டுக்கு ஏறிப் புதிதாகக் குடியேறினார்கள். நீர்மட்டம் எழுபது அடியை ஒட்டி இறங்கும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலையைத் தூக்கிப் பார்க்கும். பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே வரும். இன்னும் இறங்கினால் நந்தி முழுசாக உட்கார்ந்திருக்கும். அதன் முதுகில் தண்ணீர் நின்ற வருஷங்கள் பாசி வரியாகத் தெரியும். யாரோ ஏற்கெனவே வந்து பொட்டு வைத்துப் பூப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தங்கையின் மாமியார் அங்கேதான் சமாதானமானார். நந்தியின் காதில் ரொம்ப நேரம் என்னவோ சொன்னார். என்னைப் பற்றித்தான் புகார் சொல்லியிருப்பார்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். மே மாதம்தான் வர முடியும் என்றால் வா. ஆனால் தண்ணீர் பார்க்க வராதே, தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வா. தண்ணீர் வடிந்த நிலத்தில் அக்கரைக்காரர்களும் இக்கரைக்காரர்களும் சோளம், கம்பு, எள், கடலை என்று போட்டிருப்பார்கள். வண்டல் மண், உரம் அதிகம் கேட்காது. டேம் ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்ற ஒரே அவசரம்தான். பண்ணவாடிப் பரிசல் துறையிலிருந்து அக்கரையில் தர்மபுரி மாவட்டத்து நாகமரைக்குப் போய்வருகிறவர்களைப் பார். அவர்களுக்கு அது உல்லாசச் சவாரி இல்லை, டவுன் பஸ். ஒன்று மட்டும் கவனம். காய்ந்து வெடித்த தரை என்று நம்பிப் பிள்ளைகளை ஓடவிடாதே. மேலே அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும், உள்ளே முழங்கால் வரைக்கும் சேறு. உள்ளூர்க்காரர்கள் நடந்த ஒற்றையடித் தடத்தை விட்டு ஓர் அடி விலகாதே.

நிறைந்த டேம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், லீவை ஆடிக்கு அப்புறம் தள்ளு. ஆகஸ்டிலிருந்து கார்த்திகை வரைக்கும் வாய்ப்பு அதிகம். உபரி நீர் திறந்திருந்தால் உனக்கு யோகம். பெரிய அணைக்கு ஒரு பக்கமாக, பதினாறு கண் மதகு என்று தனியாக இருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், 20 அடி உயரம். வருஷத்தில் பெரும்பாலான நாள் அதற்குக் கீழே வெறும் பாறைகள்தான் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். திறந்துவிட்ட நாளிலோ அந்தப் பாறை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும், புகை மாதிரித் தூவானம் முகத்தில் அடிக்கும். லட்சம் கன அடி திறந்திருக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறாயே, அது எவ்வளவு என்று உன் பாஷையில் சொல்கிறேன். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, அது ஒவ்வொரு நொடிக்கும் 236 லாரி. நீ "ஒன்று" என்று எண்ணி முடிப்பதற்குள் 236 லாரி உன்னைத் தாண்டிப் போயிருக்கும். நீயோ அங்கே சென்னையில், கோடையில் ஒரு லாரிக்கு நாலு நாள் போன் அடிக்கிறாய்.

இதையெல்லாம் படித்துவிட்டும் "பிள்ளைகள் நீந்தலாமா" என்று கேட்டால் காதைத் திருகுவேன். நீச்சல் குளத்தில் நீந்தியவன் காவிரியில் நீந்துவேன் என்பது, நிலைக்கண்ணாடி முன்னால் பேசியவன் மேடையில் பேசுவேன் என்பதைப் போல. அணைக்குக் கீழே ஆறு சாதுவாகத்தான் ஓடும். ஆனால் மின்நிலையங்களுக்கு எப்போது எவ்வளவு விடுவார்கள் என்பது உன்னைக் கேட்டு நடப்பதில்லை. அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் என்று இரண்டு இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து 250 மெகாவாட். பாசனத்துக்குப் போகிற தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் மின்சாரம் தந்துவிட்டுப் போகிறது. திறப்பு கூடினால் கணுக்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வரும். பாறை வழுக்கும், கீழே சுழல் இருக்கும். குளிக்க வேண்டுமானால் ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிற படித்துறையில் குளி. அவர்கள் இறங்காத இடத்தில் நீ இறங்காதே. அவர்கள் ஏறு என்றால் சோப்பு நுரையோடு ஏறு. வெள்ள எச்சரிக்கைப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் உன் முகத்தைப் பார்த்தேன் என்று யாராவது சொல்லக்கூடாது.

"அக்கா எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், அப்புறம் படகும் கிடையாதா?" என்று உன் பெரியவன் சிணுங்குவான். இருக்கிறது, ஆனால் நீ தேடுகிற இடத்தில் இல்லை. ஊட்டி ஏரி மாதிரி டேமில் கால்மிதி படகு வரிசைகட்டி நிற்கும் என்று எண்ணி வராதே. ஆற்றோடு கொஞ்சம் கீழே இறங்கிப் பூலாம்பட்டிக்குப் போ. அங்கே கதவணையில் தண்ணீரைத் தேக்கியிருப்பதால் டேம் காய்ந்திருக்கும்போதுகூட ஆறு பெரும்பாலும் கரை தொட்டு நிற்கும். இக்கரை பூலாம்பட்டி, சேலம் மாவட்டம். அக்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். விசைப்படகில் சைக்கிள், கோழிக்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரோடும் உட்கார்ந்து போய்விட்டு வா. இரண்டு கரையிலும் தென்னையும் பச்சையுமாக இருப்பதால் அதைக் குட்டி கேரளா என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. காவிரிக்கரையைப் பார்த்துவிட்டுக் கேரளா மாதிரி இருக்கிறது என்பது, சொந்த அம்மாவைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா மாதிரி இருக்கிறாய் என்பதைப் போல.

ஒகேனக்கலைப் பற்றிக் கேட்டாயே. இரண்டும் ஒரே ஆறு, ஒகேனக்கல் மேலே, மேட்டூர் கீழே. ஆனால் ஒரே பயணத்தில் இரண்டும் சிரித்த முகத்தோடு இருக்கும் என்று எதிர்பார்க்காதே. மேட்டூர் வேகமாக நிரம்புகிற நாளில் ஒகேனக்கலில் வெள்ளம். அங்கே பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். ஒகேனக்கலில் பரிசல் சாவகாசமாக ஓடுகிறது என்றால் மேட்டூருக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று பொருள். மூன்று நாளைக்குள் மேட்டூர், ஒகேனக்கல், மாதேஸ்வரன் மலை, ஏற்காடு என்று நீ பட்டியல் போட்டு வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அப்படிப் போனால் காரின் முன்கண்ணாடியைத்தான் பார்ப்பாய். ஒரு நாள் டேமுக்கு, ஒரு நாள் பண்ணவாடிக்கு, ஒரு நாள் பூலாம்பட்டிக்கு. அதற்கே நேரம் சரியாக இருக்கும்.

அணை மேலே நடக்கலாம் என்று நினைத்து வந்து வாட்ச்மேனோடு மல்லுக்கு நிற்காதே. பாதுகாப்புக்காக விடமாட்டார்கள். "5,300 அடி நீளம், அந்தக் கோடி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்று கெஞ்சினாலும் நடக்காது. அணைக்கு 75 வருஷம் ஆனதை ஒட்டி எழுப்பிய பவள விழாக் கோபுரம் இருக்கிறது. அதில் ஏறிப் பார், மொத்தமும் தெரியும். 1924இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் போட்டு, 1925இல் வேலை தொடங்கி, 1934இல் முடித்த சுவர் அது. இன்றுவரை அசையவில்லை. மேலே நின்று ஐந்து நிமிஷம் பேசாமல் பார்க்கச் சொல் பிள்ளைகளை. ஐந்து நிமிஷம் அவர்களால் முடியும். உன்னால் முடியுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

சாப்பாட்டுக்கு வருவோம், இதில்தான் நீ கண்டிப்பாக ஏமாறுவாய். அணைப் பூங்காப் பக்கம் வரிசையாக மீன் வறுவல் கடைகள். தட்டில் மசாலா தடவிச் சிவப்பாக அடுக்கி வைத்திருப்பார்கள். நீ போய் "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்பாய். டேமில் வஞ்சிரம் எங்கிருந்து வரும்? கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஆரால். இவைதான் ஆற்றுமீன் ஜாதி. மசாலா தடவியதை வாங்காதே. மசாலா பூசினால் பழைய மீனும் புதுமாப்பிள்ளைதான். தடவாததைக் கேள். செவுளைத் தூக்கிப் பார், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் பிதுங்கி நிற்க வேண்டும். கண் முன்னால் வெட்டித் தடவிக் கல்லில் போடச் சொல். விலையை மீன் கல்லில் விழுவதற்கு முன்னால் பேசு, விழுந்தபின் பேசுகிறவனுக்குப் பேர் வாடிக்கையாளர் இல்லை, விருந்து. பிள்ளைகளுக்கு ஜிலேபி கொடு, முள் எடுக்கச் சுலபம். கெண்டை வகையில் பொடி முள் ஊசி ஊசியாக இருக்கும், மெதுவாகச் சாப்பிட்டால்தான் ஆகும். அவசரக்காரனுக்கு ஆற்றுமீன் ஆகாது.

பக்கத்திலேயே அணைக்கட்டு முனியப்பன் கோயில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிடாவெட்டி, அங்கேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் மரத்தடி மரத்தடியாக உட்கார்ந்திருக்கும். வேடிக்கை பார்த்தாயானால் யாராவது இலை போட்டுவிடுவார்கள். "வேண்டாங்க, டயட்" என்று சொல்லி என் மானத்தை வாங்காதே. உட்கார்ந்து சாப்பிடு. ஆடிப்பெருக்கன்று மட்டும் குழந்தை குட்டியோடு வராதே. அன்றைக்கு ஊரே ஆற்றில் இருக்கும், வண்டி நிறுத்த இடம் தேடியே உன் ஆடி முடிந்துவிடும்.

தங்குவதற்குப் பெரிய ரிசார்ட் தேடாதே. இது சுற்றுலாவுக்கென்று பிறந்த ஊர் இல்லை, வேலை செய்கிற ஊர். அணை, மின்சாரம், ஆலை, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்கள், இப்படித்தான் இருக்கும். சுத்தமான சாதாரண லாட்ஜ் போதும் என்றால் இங்கேயே தங்கு. மெத்தை பத்தாது என்று உன் வீட்டுக்காரி நினைத்தால் சேலத்தில் தங்கிக்கொண்டு காலையில் வாருங்கள், ஐம்பது கிலோமீட்டர்தான். அவளைக் கேட்டு முடிவெடு. நீ முடிவெடுத்துவிட்டு அவளிடம் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்பாய்: "இவ்வளவு யோசித்து வர அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? வெறும் தண்ணீர்தானே?" ஆமாம், வெறும் தண்ணீர்தான். நீ குடிக்கிற தண்ணீர். இங்கிருந்து போவது மூன்று நான்கு நாளில் கல்லணையைத் தொடும். கொள்ளிடத்தில் போகிற பங்கு கீழணையில் திரும்பி, வடவாற்றில் ஓடி, வீராணத்தில் சேரும். வீராணத்திலிருந்து 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. காலையில் நீ பல் தேய்க்கும்போது வாயில் ஊற்றுவதில் இந்த டேம் கலந்திருக்கும் நாட்கள் உண்டு. அதை ஒருநாள் அது தங்கியிருந்த இடத்தில் வந்து பார்ப்பது பெரிய செலவா?

அப்பாவை ஒரே ஒரு முறைதான் இங்கே கூட்டிவர முடிந்தது. அது நல்ல வருஷம், டேம் நூறைத் தாண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்கப் பொடி எழுத்தில் படித்த மனுஷன், கரையில் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நான் என்னவோ சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாகக் காக்கிச் சட்டையில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா அவரை நிறுத்தி, "தம்பி, இன்னைக்கு எத்தனை அடி?" என்று கேட்டார். அவர் சொன்னார். அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த பேப்பரை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்கலாமா என்றார்.

நீ எப்போது வருகிறாய் என்று முடிவு செய்யும் முன்னால் ஒரு வாரம் அந்த எண்ணைப் பேப்பரில் பார். ஏறுகிறதா இறங்குகிறதா என்று உனக்கே புரியும். அப்புறம் தேதியை எழுது. மீனுக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: வரும்போது பிளாஸ்டிக் தட்டும் தம்ளரும் மூட்டை கட்டி எடுத்து வராதே. என் வீட்டில் எவர்சில்வர் இருக்கிறது. கொடுத்துவிடுகிறேன், எண்ணித் திருப்பித் தர வேண்டும்.